நிறுத்தச் சொன்ன சம்பளச் செக் மாறிவிட்டது, காசு யார் பொறுப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில், கல்லடியிலிருந்து கல்முனை வரை சின்னச் சின்ன இடங்களுக்குக் கணக்கெழுதுவது என் தொழில். ஹாட்வெயார் கடை, அரிசி ஆலை, பாமசி, ரியூசன் நிலையம், இப்படி. பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் இந்த இடங்களில் இன்னும் பலர் சம்பளத்தைச் செக்காகவே எழுதிக் கொடுக்கிறார்கள். மாரி தொடங்கி வெள்ளம் ஏறும் கார்த்திகை, மார்கழியில் கட்டாயம் ஒரு அழைப்பாவது வரும்: செக் நனைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, வங்கிக்குச் சொல்லி நிறுத்தியாயிற்று, ஆனால் மாதக் கடைசியில் கணக்குக்கூற்றைப் பார்த்தால் அதே செக்குக்குக் காசு போயிருக்கிறது. அப்புறம் முதலாளி வேலையாளைச் சந்தேகப்படுவார், வேலையாள் முதலாளியோடு கோபிப்பார், வங்கியில் "பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள். இவர்களுக்கு நடுவில் நின்று நான் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள்தான் இவை. எல்லாம் இலங்கைச் சட்டப்படியான பொது விளக்கம். தொகை பெரிதென்றால் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

கேள்வி: சுருக்கமாகச் சொல்லுங்கள், காசு யார் பொறுப்பு?

நீங்கள் செக்கைச் சரியாக அடையாளம் காட்டி, அது மாறுவதற்கு (காசாவதற்கு) முன்பே, கணக்கு உள்ள கிளைக்குத் தெளிவாக நிறுத்தச் சொல்லியிருந்தால், அதற்குப் பிறகும் வங்கி காசு கொடுத்தால், அது வங்கியின் பிழை. 1927ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் சொல்வது இதுதான்: வாடிக்கையாளர் கொடுப்பனவை நிறுத்தச் சொன்னவுடன், அந்தக் காசோலைக்குப் பணம் கொடுக்கும் கடமையும் அதிகாரமும் வங்கிக்கு இல்லாமல் போகிறது. அதிகாரம் இல்லாமல் கொடுத்த காசை உங்கள் கணக்கில் கழிக்க முடியாது, கழித்திருந்தால் திருப்பி வரவு வைக்க வேண்டும்.

ஆனால் "சரியாக", "முன்பே", "தெளிவாக" என்ற ஒவ்வொரு சொல்லிலும் ஆட்கள் தடுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதோடு, வங்கி பிழை விட்டது என்பதும் உங்களுக்கு அந்தக் காசு முழுதாகத் திரும்பி வரும் என்பதும் வேறு வேறு விடயங்கள். கீழே வாசித்தால் விளங்கும்.

கேள்வி: மனேஜரை நன்றாகத் தெரியும், ஃபோனில் சொல்லிவிட்டேன். போதாதா?

போதாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோனில் பேசுவது சொந்தக்காரர்தானா என்பதை வங்கியால் உறுதிப்படுத்த முடியாது. அதனால் பெரும்பாலும் தற்காலிகமாக ஒரு குறிப்புப் போட்டுவிட்டு, எழுத்தில் தாருங்கள் என்று கேட்பார்கள். எழுத்தில் கொடுக்காமல் விட்டால் பிறகு "அப்படி யாரும் சொல்லவில்லை" என்ற நிலை வந்துவிடும், உங்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

இதில் 1908இல் இங்கிலாந்தில் தீர்ந்த ஒரு பழைய வழக்கு உண்டு. கேட்டிஸ் என்பவர் ஒரு செக்கை நிறுத்தச் சொல்லித் தந்தி அடித்தார். தந்தி வங்கியின் தபால் பெட்டிக்குள் விழுந்தது, ஊழியர் அதைக் கவனிக்காமல் விட்டார், அதற்குள் செக்குக்குக் காசு கொடுத்தாயிற்று. நிறுத்தச் சொன்ன செய்தி உண்மையில் வங்கியின் கவனத்துக்கு வரவில்லை, ஆகவே செக் நிறுத்தப்பட்டதாகாது என்று நீதிமன்றம் சொன்னது. வங்கியின் கவனக்குறைவுக்கு வேறு வழக்குப் போடலாம், அது தனிக்கதை. இங்கிலாந்துத் தீர்ப்பு நமக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வங்கி, காசோலை விடயங்களில் நம் சட்டத்தில் இடைவெளி இருந்தால் ஆங்கிலச் சட்டத்தைப் பார்க்க வேண்டும் என்பது 1852இன் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. வங்கியின் சட்டப் பிரிவு உங்களுக்கு எழுதும் பதில் கடிதத்திலும் இந்தத் தீர்ப்புகள்தான் வரும், அதனால் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

ஆகவே ஃபோனில் சொல்லுங்கள், அது வேகத்துக்கு. அன்றைக்கே கடிதத்தோடு போங்கள். கடிதத்தின் பிரதியில் வங்கியின் முத்திரை, வாங்கியவரின் ஒப்பம், திகதி, நேரம் நான்கும் வாங்குங்கள். நேரம் எழுத மாட்டார்கள், கேட்டு எழுதுவிக்க வேண்டும். இணைய வங்கிச் சேவையில் நிறுத்த வசதி இருந்தால், உறுதிப்படுத்தும் திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

கேள்வி: எந்தக் கிளைக்குப் போனாலும் சரியா?

கணக்கு உள்ள கிளைக்கே போங்கள். இப்போது எல்லாக் கிளைகளும் ஒரே கணினி முறையில் இருப்பதால் காத்தான்குடியில் சொன்னாலும் பதிவார்கள்தான், ஆனால் வழக்கு என்று வந்தால் கணக்கு உள்ள கிளைக்கு அறிவித்ததுதான் கேள்வியில்லாத ஆதாரம்.

கேள்வி: காலையில் நிறுத்தினேன், அன்றைக்கே மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். யார் முந்தியது என்று எப்படித் தெரியும்?

செக் எந்த வழியால் மாறியது என்பதைப் பொறுத்தது. குறுக்குக் கோடு (கணக்கில் மட்டுமே வைப்பிலிடலாம் என்று காட்டும் இரண்டு கோடு) போடாத செக் என்றால் கவுண்டரில் கொடுத்து ஐந்து நிமிடத்தில் காசாக்கலாம். அப்போது கேள்வி மணிக்கணக்கில் வரும்: காசு கொடுத்தது 10.20க்கா, உங்கள் கடிதம் வாங்கியது 10.45க்கா? காசு முந்தியிருந்தால் வங்கியில் பிழையில்லை.

குறுக்குக் கோடிட்ட செக்கை வேறு வங்கியில் வைப்பிலிட்டிருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. 2006இலிருந்து செக் தாள் கொழும்புக்குப் போவதில்லை, அதன் படம்தான் கணினி வழியே போகிறது. இன்று வைப்பிலிட்டால் அடுத்த வேலை நாளில் முடிவு. அந்த முடிவை உங்கள் வங்கி எடுப்பதற்கு முன் உங்கள் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தால் "கொடுப்பனவு நிறுத்தப்பட்டது" என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். இடையில் போயா (பௌர்ணமி விடுமுறை) வந்தால் அந்த நாளும் கணக்கில் இல்லை. எனவே சண்டை பிடிக்க முன் வங்கியிடம் கேட்க வேண்டியவை: செக்கின் இரண்டு பக்கப் படம், வைப்பிலிட்ட அல்லது காசாக்கிய நேரம், எந்தக் கணக்குக்குப் போனது என்ற விபரம். கடைசியானதை முழுதாகச் சொல்ல மாட்டார்கள், இரகசியம் என்பார்கள். செக்கின் பின்பக்கமே பெரும்பாலும் போதும்.

கேள்வி: கடிதத்தில் செக் இலக்கம் ஒரு எண் பிழைத்துவிட்டது. பெயரும் தொகையும் சரிதானே?

இது எனக்கே நடந்தது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வாழைச்சேனைப் பக்கம் ஒரு கடைக்கு நான் வேலை செய்த ஆரம்ப நாட்களில், லொறி ஓடும் தம்பியின் சம்பளச் செக் வெள்ளத்தில் போய்விட்டது. முதலாளி "பிள்ளை, கெதியா ஒரு கடிதம் அடி" என்றார். அடிக்கட்டையை (செக் புத்தகத்தில் மிஞ்சும் துண்டை) பார்க்காமல், ஞாபகத்தில் இருந்த இலக்கத்தை அடித்தேன். கடைசி எண் 7க்குப் பதிலாக 1. செக் பிறகு மாறியது. வங்கிக்காரர் என் கடிதத்தை என் முன்னாலேயே வைத்தார், நான் பேச ஒன்றும் இருக்கவில்லை. முதலாளி அந்தக் காசை இழந்தது என் கையால் வந்த பிழையால்தான்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1926இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை (அன்றைய உச்ச மேன்முறையீட்டு மன்றம்) தீர்த்த வெஸ்ட்மின்ஸ்டர் வங்கி எதிர் ஹில்டன் வழக்கில், நிறுத்த வேண்டிய செக் 117285, வாடிக்கையாளர் தந்தியில் கொடுத்த இலக்கம் 117283. பெயரும் தொகையும் ஒத்திருந்தும், இது நிறுத்தச் சொன்ன செக்குக்குப் பதிலாக எழுதிய புதுச் செக்காக இருக்கும் என்று வங்கி நினைத்துக் கொடுத்துவிட்டது. வங்கிமீது பிழை இல்லை என்பதே தீர்ப்பு. செக்கை மயக்கமில்லாமல் அடையாளம் காட்டுவது இலக்கம்தான். பெயரும் தொகையும் பல செக்குகளில் திரும்பத் திரும்ப வரும், சம்பளச் செக்கில் இன்னும் அதிகம். மாதா மாதம் அதே ஆள், அதே 45,000 ரூபா.

அன்றிலிருந்து அடிக்கட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கடிதம் அடிப்பேன், இன்னொருவரை வாசிக்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

கேள்வி: தொலைந்தது என்றதால் புதுச் செக் கொடுத்தேன். இப்போது பழையதும் புதியதும் இரண்டுமே மாறியிருக்கிறது. இரட்டைச் சம்பளம் யாரிடம் கேட்பது?

அதிகம் வரும் கேள்வி இது. முதலில் திகதிகளைத் தாளில் எழுதுங்கள், ஏனென்றால் எது முந்தி மாறியது என்பதில்தான் பதில் இருக்கிறது.

புதுச் செக் 6ஆம் திகதி மாறியது, நிறுத்திய பழைய செக் 20ஆம் திகதி மாறியது என்று வைப்போம். 6ஆம் திகதியோடு சம்பளக் கடன் தீர்ந்துவிட்டது. 20ஆம் திகதி வங்கி கொடுத்தது யாருடைய கடனையும் தீர்க்கவில்லை. நீங்கள் ஒழுங்காக நிறுத்தியிருந்தீர்களா? அப்படியென்றால் வங்கி உங்களுக்கு 45,000ஐத் திருப்பி வரவு வைக்க வேண்டும், வைத்துவிட்டு அந்தக் காசை வாங்கியவரிடம் அது போய்க் கேட்கலாம். தவறுதலாகக் கொடுத்த காசை வங்கி திரும்பக் கேட்கலாம் என்பதற்கு 1979இன் பார்க்லேஸ் வங்கி எதிர் சிம்ஸ் வழக்கு இருக்கிறது. நிறுத்தச் சொன்ன 24,000 பவுண் செக்கை வங்கி ஊழியர் கவனிக்காமல் கொடுத்துவிட, வாங்கியவர்களிடமிருந்து வங்கி அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே "வேலையாளிடம் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வங்கி உங்களை அனுப்பினால், அந்த வேலை வங்கியுடையது என்று மரியாதையாக எழுதிக் கொடுங்கள்.

மறுபக்கம் பாருங்கள். பழையது 4ஆம் திகதியே மாறியது, அது தெரியாமல் கொடுத்த புதுச் செக் 6ஆம் திகதி மாறியது. இப்போது வங்கி சொல்லும்: "4ஆம் திகதி நாங்கள் கொடுத்தது உங்கள் வேலையாளுக்கு, உங்கள் கடன் அதனால் தீர்ந்தது. இரண்டாம் முறை கொடுத்தது நீங்கள்." 1928இன் லிகெட் என்ற இங்கிலாந்து வழக்கிலிருந்து வரும் வாதம் இது. அதிகாரமில்லாமல் கொடுத்தாலும் அந்தக் காசால் வாடிக்கையாளரின் உண்மையான கடன் ஒன்று தீர்ந்திருந்தால், வாடிக்கையாளர் இலாபமடைய விடக்கூடாது என்பது அதன் சாரம். செக்கை ஒழுங்காகத் திருப்பியிருந்தால் இந்த நட்டமே வந்திருக்காது என்று நீங்கள் பதில் வாதம் வைக்கலாம், இடமுண்டு. ஆனால் நேரான வழி, கூடுதலாகப் போன சம்பளத்தை வேலையாளிடம் பேசித் திரும்பப் பெறுவதுதான்.

வேலையாள் திருடன் என்று உடனே முடிவெடுக்காதீர்கள். வெள்ளம் வடிந்தபின் வீட்டில் பிள்ளையின் கொப்பிக்குள் காய்ந்து கிடந்த செக்கை அம்மா எடுத்துப் போய் வைப்பிலிட்டதை நான் கண்டிருக்கிறேன். அவருக்குப் புதுச் செக் கொடுத்தது தெரியாது, மகனுக்கு வைப்பிலிட்டது தெரியாது. கூப்பிட்டு இருத்திக் கேட்டபோது அந்த மகன் அழுதேவிட்டான்.

கேள்வி: சொல்லாமல் வேலையை விட்டுப் போனார், கோபத்தில் கடைசிச் செக்கை நிறுத்தினேன். வங்கி கொடுத்துவிட்டது. வங்கியிடம் நட்டம் கேட்கலாமா?

அவர் அந்த மாதம் வேலை செய்தாரா? செய்தார் என்றால் அந்தச் சம்பளம் அவருடையது. செக்கை நிறுத்துவது வங்கிக்குக் கொடுக்கும் கட்டளை, அதனால் சம்பளக் கடன் அழியாது. வங்கி உங்கள் கட்டளையை மீறியது உண்மை. ஆனால் நீங்கள் எப்படியும் கொடுக்க வேண்டிய காசைத்தான் கொடுத்திருக்கிறது, நட்டம் எங்கே என்று கேட்பார்கள், அந்தக் கேள்வி நியாயமானது.

உண்மையில் அந்தச் செக் திரும்பியிருந்தால் உங்களுக்குத்தான் சிக்கல். 1990இன் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டத்தில் காசில்லாமல் செக் எழுதுவது மாத்திரமல்ல, நேர்மையற்ற நோக்கத்தோடு செக்கை நிறுத்துவதும் குற்றம், நீதவான் நீதிமன்றத்துக்கு வரும், சிறை வரை போகக்கூடியது. தொலைந்ததற்காக நிறுத்துவது இதில் வராது. உழைத்தவருக்குக் கொடுக்காமல் இருக்கவே நிறுத்துவது வரக்கூடும். தொழில் திணைக்களமும் இருக்கிறது. கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954இன் 19ஆம் இலக்கச் சட்டப்படி மாதச் சம்பளம் மாதம் முடிந்து 10 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

அவர் உங்களுக்குக் கடன்பட்டிருந்தால், சாவியைத் திருப்பித் தராவிட்டால், பொருளை உடைத்திருந்தால், அதைத் தனியாகக் கேளுங்கள். சம்பளச் செக்கைப் பிடித்து வைத்து அந்தக் கணக்கைத் தீர்க்க நினைக்காதீர்கள். முதலாளிமார் கோபிப்பார்கள் என்று தெரிந்தும் இதைச் சொல்கிறேன். அந்தக் காசில் ஒரு வீட்டின் அரிசியும் பிள்ளையின் வான் காசும் இருக்கிறது.

கேள்வி: நான் வேலை செய்பவர். என் செக்கை வேறு யாரோ மாற்றிவிட்டார். முதலாளி, "என் கணக்கில் காசு போய்விட்டது, நான் கொடுத்தது கொடுத்ததுதான்" என்கிறார்.

மூன்று நிலைமைகளை வேறாகப் பார்க்க வேண்டும். செக் உங்கள் கைக்கு வரவே இல்லை, அலுவலக மேசையிலிருந்தே போனது என்றால் உங்களுக்குச் சம்பளம் கொடுபடவில்லை, முதலாளி மீண்டும் கொடுக்கத்தான் வேண்டும். உங்கள் கைக்கு வந்து, நீங்கள் தொலைத்து, உடனே சொல்லி, முதலாளியும் ஒழுங்காக நிறுத்தி, அதற்குப் பிறகு வங்கி கொடுத்தது என்றாலும் உங்கள் சம்பளம் இன்னும் பாக்கிதான், முதலாளி தன் காசை வங்கியிடம் பெற வேண்டும், அது வரும்வரை உங்களைக் காக்க வைக்க நியாயமில்லை.

கடைசி நிலைமைதான் கவலையானது. நம் செக்குகளில் பெயருக்குப் பக்கத்தில் "அல்லது கொண்டுவருபவருக்கு" என்ற கருத்தில் அச்சிட்டிருக்கும். அதை வெட்டாமல், குறுக்குக் கோடும் போடாமல் தந்த செக்கை நீங்கள் தொலைத்து, சொல்வதற்கு முன்பே யாரோ கவுண்டரில் கொடுத்துக் காசாக்கினால், வங்கி நல்லெண்ணத்தில் கொடுத்தது செல்லுபடியாகும், நட்டம் பெரும்பாலும் உங்கள் பக்கம் விழும். அதனால்தான் செக் காணவில்லை என்று தெரிந்தவுடன், வெட்கப்படாமல், இரவென்றாலும் முதலாளிக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். வட்ஸ்அப் செய்தியில் நேரம் தானாகப் பதிந்துவிடும்.

இன்னொன்று, தொலைந்த செக்குக்குப் பதில் இன்னொன்று கேட்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பழையது திரும்பக் கிடைத்து யாராவது உரிமை கோரினால் ஈடு செய்வேன் என்று உங்களிடம் ஒரு பிணைக் கடிதம் கேட்க முதலாளிக்கும் உரிமை உண்டு. கையெழுத்து வையுங்கள், பயப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: வேலையாள் செக்கை ஊர்க் கடையில் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறார். நான் நிறுத்தியதால் செக் திரும்பி, இப்போது கடைக்காரர் என்னிடம் வந்து நிற்கிறார்.

ஓட்டமாவடியிலும் அக்கரைப்பற்றிலும் தெரிந்த கடையில் செக்கைக் கொடுத்துக் காசு வாங்குவது சாதாரணம். கடைக்காரர் நல்லெண்ணத்தோடு, காசு கொடுத்து, செக்கில் குறை இருப்பது தெரியாமல், காலம் கடக்க முன் வாங்கியிருந்தால் சட்டத்தில் அவருக்குத் தனிப் பலம் இருக்கிறது. உங்களுக்கும் வேலையாளுக்கும் உள்ள பிணக்கு அவரைக் கட்டாது, செக் எழுதியவர் என்ற முறையில் உங்களிடமே அவர் காசு கேட்கலாம். கொண்டுவருபவருக்கான செக் என்றால், அது திருட்டுச் செக்காக இருந்தாலும்கூட, தெரியாமல் காசு கொடுத்து வாங்கியவருக்கு இந்தப் பலம் கிடைக்கும். பலருக்கு இது அதிர்ச்சி.

இதற்குக் கேடயம் குறுக்குக் கோட்டுக்குள் "கைமாற்றத்தகாதது" என்று எழுதுவது. அப்படி எழுதிய செக்கை வாங்குபவருக்கு, கொடுத்தவரிடம் இருந்ததைவிடக் கூடிய உரிமை கிடைக்காது. அப்படி எழுதாத செக்கை நல்லெண்ணத்தோடு வாங்கிய கடைக்காரருக்கு, நிறுத்திய செக்கின் காசை வங்கி தவறுதலாகக் கொடுத்திருந்தாலும் இதே கணக்குத்தான்: எப்படியும் நீங்கள் அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்த காசு அது என்று வங்கி சொல்லும்.

கேள்வி: நிறுத்தும் படிவத்தில் "தவறுதலாகக் கொடுத்தால் வங்கி பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருந்தது, நான் கையெழுத்து வைத்துவிட்டேன்.

அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று திரும்பி வராதீர்கள். 1997இன் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் இருக்கிறது, பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகம் நியாயமானதா என்று நீதிமன்றம் பார்க்கலாம். படிவத்தில் காலவரையறை ஏதும் இருக்கிறதா என்பதையும் வாசியுங்கள்.

கேள்வி: அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாமா?

அவரைக் கேட்காமல் பிடிக்காதீர்கள். சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்திருக்கிறது. கூடுதலாகப் போனது உண்மை என்று இருவரும் ஒத்துக்கொண்டால், மாதம் எவ்வளவு என்று ஒரு கடிதத்தில் எழுதி, அவர் சம்மதித்துக் கையெழுத்து வைத்து, ஒரு பிரதி அவரிடமும் இருக்கட்டும். 45,000 சம்பளக்காரரிடம் ஒரே மாதத்தில் 45,000 கேட்பது நடக்காத காரியம். ஒன்பது மாதம் ஐயாயிரம் படி என்று முடித்த இடங்களில் ஆள் இன்றும் வேலையில் இருக்கிறார்.

கேள்வி: கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கும் உறவுக்காரர் வேறு மாதிரிச் சொல்கிறார். இணையத்திலும் 14 நாள், ஆறு மாதம் என்று இருக்கிறதே?

அது அமெரிக்காவின் ஒருசீர் வணிகச் சட்டக்கோவை. அங்கே வாயால் சொன்ன நிறுத்தற் கட்டளை எழுத்தில் உறுதிப்படுத்தாவிட்டால் 14 நாளில் காலாவதியாகும், எழுத்தில் கொடுத்தது ஆறு மாதம் நிற்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். நட்டம் எவ்வளவு என்று நிரூபிக்கும் சுமையும் அங்கே வாடிக்கையாளருடையது. நம் கட்டளைச் சட்டத்தில் இந்த 14 நாள் கணக்கு இல்லை. ஆறு மாதம் என்பது இங்கே வேறு பொருளில் வரும்: எழுதிய திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்த செக்கை வங்கிகள் பழசு என்று திருப்பிவிடும். கனடாச் சட்டம் இன்னொன்று. அங்குள்ளவர் சொல்வதைக் கொண்டு இங்குள்ள வங்கியில் வாதாடாதீர்கள்.

கேள்வி: வங்கி கையை விரித்தால் எங்கே போவது?

முதலில் கிளை முகாமையாளருக்கு எழுத்தில். பதில் வராவிட்டால் அல்லது மறுத்தால் வங்கியின் தலைமையகத்து முறைப்பாட்டுப் பிரிவுக்கு. அதன்பின் நிதி ஒம்புட்ஸ்மன் (வங்கி முறைப்பாடுகளை விசாரிக்கும் நடுவர்), அல்லது இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம், தொலைபேசி 1935. வங்கியிடம் முறையிட்டதற்கு ஆதாரம் கேட்பார்கள், ஆகவே படி தாண்டிப் போகாதீர்கள். அதற்கும் மேலே நீதிமன்றம். 1871இன் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், எழுத்தில் இல்லாததற்கு 3 வருடம், கவனக்குறைவு போன்ற தீங்குக்கு 2 வருடம். எதன்கீழ் போவது என்று சட்டத்தரணி சொல்வார், நீங்கள் 2 வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

பொலிஸ் முறைப்பாடு, யாரோ ஒப்பத்தைப் போலியாகப் போட்டு மாற்றியிருந்தால் அல்லது செக் களவு போயிருந்தால் உடனே. வேலையாளே தவறுதலாக இரண்டு தரம் பெற்றது என்றால் முதலில் பேசுங்கள். ஊரில் பொலிஸுக்குப் போன பெயர் ஒருவருக்கு எவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கேள்வி: கணக்கில் இதை எப்படிப் பதிவது? சேமலாப நிதியும் இரண்டு தரம் கட்ட வேண்டுமா?

இல்லை. ஊழியர் சேமலாப நிதி வேலையாளின் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் உழைத்த சம்பளத்துக்குத்தான். கூடுதலாகப் போன 45,000 சம்பளம் இல்லை, அது வரவேண்டிய பணம். வங்கி தருமென்றால் வங்கியின் பெயரில், வேலையாள் தருவாரென்றால் அவர் பெயரில் பதியுங்கள். சம்பளச் செலவில் போட்டுவிட்டால், பிறகு தொழில் அலுவலகத்தில் இருந்து வந்து பார்ப்பவர் அந்தத் தொகைக்கும் நிதி எங்கே என்று கேட்பார்.

கேள்வி: இனி இப்படி வராமல் இருக்க?

முடிந்தவரை சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்புங்கள். வங்கிகளுக்கிடையே காசு அனுப்பும் சிலிப்ஸ் முறை வழியாக எல்லோருக்கும் ஒன்றாக அனுப்பலாம், 2015இல் வந்த செஃப்ட்ஸ் வழியாக என்றால் உடனே போய்விடும். ஆனால் அனுப்பியதை நிறுத்த முடியாது, கணக்கிலக்கத்தை இரண்டு தரம் பாருங்கள். செக்தான் என்றால் "கொண்டுவருபவர்" என்பதை வெட்டி, குறுக்குக் கோடு போட்டு, "கணக்குக்கு மாத்திரம், கைமாற்றத்தகாதது" என்று எழுதுங்கள். நிறுத்தினால், புதுச் செக் கொடுக்கும் அன்று காலையில் கணக்கைப் பார்த்து, பழையது மாறவில்லை என்று உறுதி செய்த பிறகே கொடுங்கள். அதற்குப் பிறகும் பழைய செக்கின் ஆறு மாதம் முடியும் வரை கணக்குக்கூற்றில் அந்த இலக்கம் வருகிறதா என்று மாதா மாதம் பார்க்க வேண்டும். என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே அப்படி இரண்டு இலக்கங்கள் எழுதிய துண்டு இப்போதும் இருக்கிறது, ஒன்றுக்கு இன்னும் ஏழு வாரம் பாக்கி.